மறந்தவளுக்கு எந்தப் பிரிவு?

ஆலங்கரை மகளிர் சிறையில் கடைசிக் கட்டடம்தான் ஈ பிரிவு. அதற்கு அப்பால் மதில், மதிலுக்கு அப்பால் உப்பளம். அங்கே அடைபட்டவர்களை மற்றப் பிரிவுக்காரிகள் ‘ஈக்கள்’ என்றுதான் சொல்வார்கள். நாளில் இருபது மணி நேரம் அறைக்குள்ளேயே கிடக்க வேண்டும். மனு பார்க்க வெளியிலிருந்து யாராவது வந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசலாம்; விரலைத் தொட முடியாது.

ஏழாம் அறையில் ஜெசிந்தா ஆறு வருடமாகத் தனியாக இருந்தாள். நாற்பத்து நான்கு வயது. வெளியே இருந்தபோது ஷேர் ஆட்டோ ஓட்டியவள். ஒரு வியாழக்கிழமை காலை அவள் அறைக் கதவு திறந்தது. வார்டரம்மா ஒருத்தியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உள்ளே விட்டாள். அறுபது தாண்டிய உடம்பு, வெயிலில் கறுத்த முகம், நகக்கண்ணெல்லாம் மண். மடியில் என்னவோ கட்டி வைத்திருந்தாள்.

“செல்லக்கனி. அ பிரிவுல இருந்து வாராங்க. பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு வார்டரம்மா போய்விட்டாள்.

ஜெசிந்தாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அ பிரிவு என்றால் திறந்தவெளி. பூட்டு கிடையாது, தோட்டம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஈ-யிலிருந்து இ, இ-யிலிருந்து ஆ என்று வருடக்கணக்கில் ஏறிப்போய்ச் சேருகிற இடம். அங்கிருந்து ஒரே நாளில் இங்கே விழுந்தவர் யாரும் இல்லை.

வந்தவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மடியை அவிழ்த்தாள். நாலு கத்திரிக்காய்.

“இந்தா பிள்ள, குழம்புக்கு ஆவும். இது ஆஸ்பத்திரியா?”

“இல்லக்கா.”

“அப்பச் சரி. மனு என்னைக்கு?”

“ஞாயித்துக்கிழம. யாரு வருவாங்க ஒங்களுக்கு?”

“எந்தங்கச்சி. வடிவு.” அவள் முகம் மலர்ந்தது. “இந்தத் தடவ கண்டிப்பா வருவா. ரொம்ப நாளாச்சு பாத்து. எம்மேல ஏதோ கோவம்போல.”

அன்று முழுக்க அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சொன்னது சாயங்காலம் நினைவில்லை, ஜெசிந்தாவின் பெயரை நாலு முறை கேட்டாள். ஆனால் வடிவு வருவாள் என்பது மட்டும் மறக்கவில்லை. இரண்டாம் நாள் தானாகவே ஜெசிந்தாவின் தலையை இழுத்து மடியில் வைத்துப் பேன் பார்த்தாள். ஆறு வருடத்தில் ஜெசிந்தாவை யாரும் தொட்டதில்லை. விலகவும் தெரியாமல், கிடக்கவும் தெரியாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஷமீமா வந்தாள். சிறையின் உளவியல் அலுவலர். முப்பத்தைந்து வயதிருக்கும், கைதிகளை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே அதிகாரி. செல்லக்கனி முற்றத்தில் உட்கார்ந்திருக்க, ஜெசிந்தாவைத் தனியாகத் தூணோரம் அழைத்தாள்.

“இவங்களோட தங்கச்சி வரமாட்டாங்கக்கா. செத்துப் பதினேழு வருஷமாச்சு.”

“எப்படி?”

“இவங்கதான் கொன்னாங்க. ஒரே செவுரு, ரெண்டு வீடு. மழத்தண்ணி போற வாய்க்கால் யார் பக்கம்னு சண்ட. இவங்க கையில மண்வெட்டி இருந்துச்சு. ஆயுள் தண்டன. அதுக்கப்புறம் எட்டு வருஷம் இவங்க பேசவே இல்ல. சாப்பாட்டுல பாதிய எடுத்துத் தனியா வப்பாங்களாம், தங்கச்சிக்குன்னு. தராசு வந்தப்போ, மொத தடவையே நேரா அ பிரிவுக்குப் போன ஒரே ஆளு இவங்கதான்.”

தராசு என்று எல்லோரும் சொன்னது ஒரு பொறியை. அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு நாற்காலி. கையில் வளையல் மாதிரி ஒரு பட்டை மாட்டுவார்கள். ஒரு குரல் நீங்கள் செய்த குற்றத்தை உங்களுக்கே வாசிக்கும். வாசிக்க வாசிக்க உங்கள் நாடியை, மூச்சை, கண்ணை, குரலை அது பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று இரண்டு எண் சொல்லும். ஒன்று இரக்கம், மற்றது பொறுப்பு. இரண்டும் ஐம்பதைத் தாண்டினால்தான் ஈ-யை விட்டு வெளியேற முடியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் அதில் உட்கார வேண்டும்.

“போன வாரம் உக்காந்தாங்க. வாசிச்சதக் கேட்டு அழுதாங்க. ‘அடப் பாவமே, கூடப் பொறந்தவளயா? அந்தப் பாவிய வெட்டிப் போடணும்’னு சொன்னாங்க. யாரோ செஞ்ச மாதிரி. இரக்கம் தொண்ணூத்தி மூணு. பொறுப்பு ரெண்டு.”

“வாசிக்கும்போது தங்கச்சி பேரு வருமே? அதக் கேட்டுமா தெரியல?”

“பேர் வராதுக்கா. குற்றவாளி, தங்கச்சின்னு மட்டுந்தான். பேர வச்சுச் சாதி தெரிஞ்சிரும்னு எடுத்துட்டாங்க. தராசு வர்றதுக்கு முன்னாடி இங்க எப்படிப் பிரிச்சாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாது. யார் என்ன சாதி, யாருக்கு வெளிய ஆள் இருக்கு, யார் வார்டருக்குத் துணி தொவைக்கிறா, இத வச்சுத்தான். அதெல்லாம் வேணாம்னுதான் நல்லவங்க நாலு பேர் உக்காந்து இதச் செஞ்சாங்க. இப்பவும் அது யாருக்கும் பாரபட்சம் காட்டல.”

“டாக்டர் எழுதிக் குடுத்தா? மறதி நோயின்னு?”

“குடுத்தாரு. ஏத்துக்காது. மொத வருஷம் நாப்பது பேரு ‘எனக்கு ஞாபகமில்ல’ன்னு சொல்லிப் பாத்தாங்க. எல்லாம் பொய். அதனால அந்தக் கதவ அடச்சுட்டாங்க. மேல்முறையீடு செஞ்சா ரெண்டு வருஷம் ஆவும்.” ஷமீமா குரலைத் தாழ்த்தினாள். “வயசையும் ஒடம்பையும் பாத்து, அடுத்த மாசம் இருபதாந்தேதி ஒரு சிறப்புச் சோதன வாங்கியிருக்கேன். தேறிட்டா வெளிய ஒரு காப்பகத்துக்கு அனுப்பலாம், எடமும் பாத்தாச்சு. தேறலேன்னா இந்த அறைதான். வெயில் இல்லாம, தோட்டம் இல்லாம, இவங்க மழக்காலத்தத் தாண்டுவாங்கன்னு எனக்குத் தோணல.”

“என்ன எதுக்கு மேடம் கூப்பிட்டீங்க?”

“அவங்களுக்கு நான் எதையும் சொல்லிக் குடுக்கக் கூடாது. சட்டம். ஆனா அறைக்குள்ள நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்கன்னு நான் கேக்க மாட்டேன்.” போகப் புறப்பட்டவள் திரும்பி லேசாகச் சிரித்தாள். “ஒங்க எண் ஞாபகம் இருக்கா? பொறுப்பு தொண்ணூறு. இரக்கம் நாலு. ஒங்க ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறும்.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவள் எண் ஆறு வருடமாக அதேதான். புருஷன் கடலில் செத்துப் போனபின் புருஷனின் அண்ணன் சூசை வீட்டைக் கேட்டு வந்தான். ஒருமுறை அவள் கையை ஒடித்தான், இன்னொரு முறை பல்லை. அப்புறம் ஒரு பட்டப்பகலில் கடைத்தெருவில் அவன் ரோட்டைக் கடப்பதைப் பார்த்தாள். அவள் கால் பிரேக்குக்குப் போகவில்லை. தராசு கேட்கும்போதெல்லாம் “ஆமா, நாந்தான்” என்றாள். வருத்தமா என்று கேட்டால் இல்லை என்றாள். அது உண்மை. தராசும் உண்மையைத்தான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனி விடியற்காலையே குளித்து, தலை வாரி, கதவருகே உட்கார்ந்தாள். மனு நேரம் முடிந்து மணி அடித்தபோது, “பஸ்சு கெடச்சிருக்காது” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெசிந்தா மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள். கஞ்சி குடித்து முடித்ததும் எதிரே உட்கார்ந்து செல்லக்கனியின் இரண்டு கையையும் பிடித்தாள்.

“யக்கா, வடிவு வரமாட்டா.”

“ஏன், மழையா?”

“அவ செத்துட்டாக்கா. பதினேழு வருஷமாச்சு.”

செல்லக்கனி நம்பாமல் பார்த்தாள். “யாரு சொன்னா? என்ன ஆச்சு அவளுக்கு?”

“வாய்க்கால் சண்டையில… நீங்கதாங்க்கா. மண்வெட்டியால.”

செல்லக்கனி கையை உருவிக்கொண்டாள். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூச்சல் போடுவாள் என்று ஜெசிந்தா பயந்தாள், கூச்சல் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. ஈன்ற கன்றைப் பறிகொடுத்த மாடு கத்துகிற மாதிரி, நிற்காமல், ஒரே சுருதியில். பக்கத்து அறைகளில் பேச்சு நின்றது. சுவரில் தலையை மோதப் போனவளை ஜெசிந்தா கட்டிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. நாலு மணிக்கு அந்தச் சத்தம் நின்றது. செல்லக்கனி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவ மவ பாத்துச்சா? வாசல்ல நின்னுச்சே பிள்ள.”

ஜெசிந்தாவுக்கு அது தெரியாது. “பேசாம படுங்கக்கா” என்றாள்.

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது செல்லக்கனி முகம் கழுவி, தலை வாரி, உற்சாகமாக உட்கார்ந்திருந்தாள். நெற்றி மட்டும் வீங்கியிருந்தது.

“ஏம்பிள்ள, இன்னைக்கு மனு நாளா? வடிவு வருவாளா?”

ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஷமீமா வந்ததும் ஜெசிந்தா தானாகவே சொன்னாள். “சொல்லிப் பாத்துட்டேன் மேடம். ராத்திரி தூங்கி எந்திரிச்சா போயிருது. அப்பச் சோதன அன்னைக்குக் காலையில மறுபடியும் சொல்லணும். ஒரு தடவ செத்தவள நான் தெனமும் கொல்ல மாட்டேன். இந்த அக்காவையும்தான்.”

“சொல்லலேன்னா அவங்க இங்கயே இருப்பாங்க.”

“தெரியும்.”

“யோசிங்கக்கா.”

ஜெசிந்தா யோசித்தாள். வாசலில் நின்ற பிள்ளையைப் பற்றி யோசித்தாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தேழு வயது என்று ஷமீமா சொன்னாள். பாதிக்கப்பட்ட குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் தராசு மாறாவிட்டாலும் சிறை வாரியத்தில் இருக்கிறவர்கள் படிப்பார்களாம். ஷமீமாவிடம் முகவரி வாங்கி ஒரு கடிதம் எழுதினாள். ‘ஒங்க பெரியம்மா ஒங்க அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வர முடியுமானால் வாருங்கள். வரமுடியாது என்றால் நான் புரிந்துகொள்வேன்.’ அவ்வளவுதான் எழுத வந்தது.

மூன்று ஞாயிறு ஆள் இல்லை. நாலாவது ஞாயிறு வந்தாள். இசக்கிராணி என்று பெயர். காற்றாலையில் ஏறி வேலை பார்க்கிறவள். கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தாள். செல்லக்கனி தனியாகப் போனால் வழியில் மிரண்டுவிடுவாள் என்பதால் ஜெசிந்தாவும் கூட வர அனுமதி கொடுத்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளைக் கண்டதும் செல்லக்கனி ஓடினாள். “வடிவு! வந்துட்டியாட்டி!”

இசக்கிராணியின் தாடை இறுகியது. “நான் வடிவு இல்ல. வடிவு மவ.”

“மவளா?” செல்லக்கனி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். “ஆமா. அவ நெத்தி, அவ மூக்கு. எம்புட்டு வளந்துட்ட! சாப்பிட்டியா? ஒங்கம்மா எங்க, வரலியா?”

பேசுவதற்கென்று பதினேழு வருடமாகச் சேர்த்து வைத்த சொற்கள் இசக்கிராணியின் வாய்வரை வந்து நின்றதை ஜெசிந்தா பார்த்தாள். சொல்வதற்கு உரிமை உள்ள ஒரே ஆள் அந்த மகள்தான். சொன்னால் தடுக்க முடியாது.

“எம்மேல கோவமா இருக்காளா?” என்றாள் செல்லக்கனி. குரல் சிறுத்துவிட்டது. “நான் என்னமோ செஞ்சுட்டேன் பிள்ள. என்னன்னு பிடிபட மாட்டேங்குது. நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வர மாட்டேங்குது. இந்தக் கைதான் என்னமோ செஞ்சிருக்கு. நீ சொல்லு. என்ன செஞ்சேன்னு சொன்னா நான் அவ கால்ல விழுந்துருவேன்.”

இசக்கிராணி வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செஞ்ச பெரியம்மா,” என்றாள். “பெருசாத்தான் செஞ்ச. ஆனா இன்னைக்கு நான் சொல்ல மாட்டேன்.”

“கோவம் தீந்ததும் சொல்லுவியா?”

“பாப்போம்.”

செல்லக்கனி அதில் திருப்தியானவள்போல் தலையாட்டிவிட்டு, வாசல் பக்கம் பராக்குப் பார்க்கத் தொடங்கினாள். இசக்கிராணி ஜெசிந்தாவிடம் திரும்பினாள்.

“நல்லா இருக்கு. செஞ்சவ மறந்துட்டா. எனக்குல்லா மறக்கல. மழ பேஞ்சா இப்பவும் வாசலுக்குப் போவ மாட்டேன் நான். ஒங்க லெட்டர ரெண்டு தடவ கிழிச்சுப் போட்டேன்.”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“தெரியல. எங்கம்மாவ உசுரோட நெனச்சுக்கிட்டிருக்கிற ஆளு ஒலகத்துலயே இவ ஒருத்திதான்னு தோணிச்சு.” கண்ணைத் துடைக்காமலே கேட்டாள். “நீங்க யாரக் கொன்னீங்க?”

“எம்புருஷனோட அண்ணன.”

“அந்தாளுக்குப் பிள்ளைங்க உண்டா?”

“ஒரு மவ. மெர்லின்.”

“அவளுக்கு இப்ப என்ன வயசு?”

ஜெசிந்தா எண்ணிப் பார்த்தாள், கணக்குப் பிடிபடவில்லை. அந்தக் குழந்தையை ஆட்டோவில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது உண்டு. பின்சீட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும். அதன் அப்பனை நினைக்காத நாளில்லை, அதை நினைத்த நாள் ஒன்றுகூட இல்லை.

இசக்கிராணி பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்விட்டாள். எதையும் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

இருபதாம் தேதி காலை செல்லக்கனிக்கு ஜெசிந்தாதான் தலைவாரிப் பின்னிவிட்டாள். வாரும்போதே சொல்லிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. ஒரு பகல் துடித்தால் போதும், சாகிறவரைக்கும் வெயிலும் மரமும் கிடைக்கும். கணக்குப் பார்த்தால் அதுதான் நியாயம். ஆனால் கையில் இருந்த அந்த நரைத்த முடி குழந்தையின் முடி மாதிரி மெலிந்து கிடந்தது. பின்னி முடித்து ரப்பர் போட்டாள். சொல்லவில்லை.

தராசு அறை வாசலில் செல்லக்கனி முரண்டு பிடித்தாள். “இந்தப் பிள்ளையும் வந்தாத்தான் வருவேன்.” ஷமீமா விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பராமரிப்பாளர் பேசாமல் உடன் இருக்கலாம் என்று இருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். செல்லக்கனியின் கையில் பட்டையை மாட்டினாள் ஷமீமா. விளக்கு பச்சையானது. யாருடையதும் அல்லாத ஒரு பெண் குரல் வாசிக்கத் தொடங்கியது.

“குற்றவாளி, தன் வீட்டை ஒட்டிய வாய்க்கால் தொடர்பாக ஏற்பட்ட தகராறில், தன் உடன்பிறந்த தங்கையை மண்வெட்டியால் தலையில் தாக்கினார். கீழே விழுந்தவரை இரண்டாம் முறையும் தாக்கினார்.”

“அய்யோ,” என்றாள் செல்லக்கனி. “ரெண்டாந்தரமுமா?”

“இறந்தவரின் பத்து வயது மகள் வாசலில் நின்று இதைக் கண்டார். அக்குழந்தை ஓடிவந்து தாயைத் தூக்க முயன்றது. ஊரார் வரும்வரை அக்குழந்தை தாயின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தது.”

இது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. சீருடையில் வந்து உட்கார்ந்திருந்த இசக்கிராணி அவள் கண்முன்னே பத்து வயதாகச் சுருங்கினாள். அப்புறம் அது இசக்கிராணியாக இல்லை. கடைத்தெருவில், கூட்டத்துக்குள் காலிடுக்கு வழியே நுழைந்து வந்து, பள்ளிக்கூடப் பையோடு நின்று அப்பனைப் பார்த்த இன்னொரு பிள்ளை. அது அங்கே நின்றது ஜெசிந்தாவுக்குத் தெரியும். பார்த்திருக்கிறாள். பார்க்காத மாதிரி ஆறு வருடம் இருந்திருக்கிறாள். பேசக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையைத் தடுக்க முடியவில்லை.

செல்லக்கனி திரும்பிப் பார்த்தாள். வாசிக்கிற குரலைப் பார்த்தாள், அழுகிறவளைப் பார்த்தாள், மறுபடி குரல் வந்த திசையைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ விளங்கியது.

“இந்தக் குற்றத்தைச் செய்தவர் யார்?” என்று கேட்டது குரல்.

செல்லக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டை மாட்டிய கையை ஜெசிந்தாவின் தலைமேல் வைத்தாள்.

“இவள விடுங்க. இது சின்னப் பிள்ள, ஏற்கெனவே ரொம்பப் பட்டிருக்கு. இவள ஒண்ணும் கேக்காதிய.” குரல் நடுங்கவில்லை. “நாந்தான் செஞ்சேன்.”

“நீங்கள் செய்ததை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?”

“ஏத்துக்கிடுதேன். எம்பாவம் அது. எந்தத் தண்டனை உண்டோ எனக்குக் குடுங்க. நான் இருந்துக்கிடுதேன், எத்தன வருஷம்னாலும். அந்தச் செத்த தங்கச்சிகிட்டயும் நாந்தான் கேக்கணும் மன்னிப்பு. பத்து வயசுப் பிள்ள பாத்துச்சாமே… அது மொகத்துல எப்படி முழிப்பேன் நான்!” கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

குரல் நின்றது. திரையில் எண்கள் வந்தன. இரக்கம் தொண்ணூற்றைந்து. பொறுப்பு எண்பத்தெட்டு.

செல்லக்கனியை வார்டரம்மா தண்ணீர் கொடுக்க அழைத்துப் போனபின், ஷமீமாவும் ஜெசிந்தாவும் அந்த அறையிலேயே இருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேசைமேல் கிடந்தது.

“காலையில சொல்லிட்டீங்களா?” என்றாள் ஷமீமா.

“இல்ல மேடம்.”

“அப்ப அவங்களுக்கு ஞாபகம் வரல. நீங்க அழுததப் பாத்து, நீங்க செஞ்சதுன்னு நெனச்சு, ஒங்களக் காப்பாத்தப் பொய் சொல்லியிருக்காங்க.” பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். “பொய்ய அது கண்டுபிடிக்கும். அதுக்குன்னே செஞ்சது. ஒம்பது வருஷத்துல ஒரு தடவகூட ஏமாந்ததில்ல.”

“ஏமாறல மேடம். அக்கா பொய் சொல்லலியே.”

ஷமீமா நிமிர்ந்து பார்த்தாள்.

“செஞ்சது அவங்கதான? நாந்தான்னு சொன்னாங்க. எம்பாவம்னாங்க. மனசாரத்தான சொன்னாங்க. இதுல எது பொய்?”

வெளியே செல்லக்கனி வார்டரம்மாவிடம், “ஒனக்கு எத்தன பிள்ளைங்க?” என்று கேட்பது கேட்டது. ஷமீமா கையெழுத்திட்டாள். போட்டபின் பேனாவைக் கீழே வைக்காமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

காப்பகத்துக்குப் போகும் வண்டி ஒன்பது நாள் கழித்து வந்தது. இசக்கிராணி வரவில்லை. ஆனால் அவள் அனுப்பிய ஒரு பை வாசலில் வந்திருந்தது. இரண்டு நூல் புடவை, ஒரு டப்பா தேங்காயெண்ணெய். அனுப்பியவர் என்ற இடத்தில் ‘வடிவு மகள்’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

வண்டி வரை கூட்டிப்போக ஜெசிந்தாவுக்கு அனுமதி கிடைத்தது. செல்லக்கனி அன்று அவள் பெயரை மறந்திருந்தாள். தான் எங்கே போகிறோம் என்பதும் தெரியவில்லை. வண்டிப் படியில் ஒரு காலை வைத்தவள் நின்று, ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக் காதோரம் குனிந்தாள். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் ரகசியமாகப் பேசினாள்.

“ஏ பிள்ள. ஒன் விசயத்த நான் ஏத்துக்கிட்டேன். ஒனக்கு ஒண்ணும் வராது, பயப்படாத.”

“சரிக்கா.”

“ஆனா ஒண்ணு. அந்தப் பிள்ள பாத்துக்கிட்டிருந்துச்சாம்லா. அது என்னால முடியாது. அதுகிட்ட நீதான் போய்ச் சொல்லணும். மறந்துராத என்ன?”

ஜெசிந்தா தலையாட்டினாள். கதவு சாத்தி வண்டி நகர்ந்தது. செல்லக்கனி பக்கத்தில் இருந்த நர்சிடம் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டு போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஷமீமா அலுவலகத்துக்கு ஜெசிந்தா போனாள். ஒரு தாளும் பேனாவும் கேட்டாள். அங்கேயே ஓரத்து மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். ‘மெர்லினுக்கு’ என்று எழுதினாள். ‘நான் ஜெசிந்தா சித்தி’ என்று எழுதி, சித்தியை அடித்தாள். தராசின் முன்னால் பன்னிரண்டு தடவை கொஞ்சமும் தயங்காமல் சொன்ன அந்த ஒரு வரியை எழுத அரைமணி நேரம் ஆயிற்று.

எழுதி முடித்ததும் ஷமீமாவிடம் கொடுத்தாள். வெளியே போகிற கடிதங்களை ஷமீமாதான் படித்து முத்திரை குத்த வேண்டும்.

“அடுத்த மாசம் ஒங்க தராசு வருது,” என்றாள் ஷமீமா. “இதுக்கு ஒரு நகல் எடுத்து ஒங்க ஃபைல்ல வைக்கலாம். வாரியம் பாக்கும். ஒங்களுக்கு ரொம்ப ஒதவும்.”

“வேண்டாம் மேடம். இது அந்தப் பிள்ளைக்கு.”

ஷமீமா கடிதத்தைப் பிரிக்காமலே முத்திரையைக் குத்தி, உறையில் போட்டு, முகவரி எழுதப் பேனாவை எடுத்தாள்.

“அவளுக்கு இப்ப என்ன வயசுக்கா?”

“பதினேழு,” என்றாள் ஜெசிந்தா. “வர்ற மார்ச்சுல பதினெட்டு ஆவுது.”